தோட்டத்தில் ரிசீவர், வீட்டில் காது: தொலைவிலிருந்து இயக்கும் வானொலிக் கண்காணிப்பு பற்றி ஒரு கேள்வி

கேள்வி
எழுதியவர்: கிளுவைவேலி, திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் மின்பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அமெச்சூர் வானொலித் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக்குறியும் பெற்றேன். உரிமம் கைக்கு வந்த பிறகுதான் என் வீடு எவ்வளவு மோசமான இடத்தில் இருக்கிறது என்பது புரிந்தது. பக்கத்துச் சந்தில் நிட்டிங் மெஷின்கள், அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்கள், மாடிக்கு மாடி இன்வெர்ட்டர்கள், தெரு முழுவதும் எல்.இ.டி. விளக்குகள். 7 மெகாஹெர்ட்ஸைத் திறந்தால் காலை எட்டு மணி முதல் இரவு பத்து மணி வரை ஒரே கொதிப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் காது கேட்கிறது.

காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையில் எங்கள் அப்பாரு காலத்துத் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு கிணறு, மோட்டார் ரூம், யாரும் குடியிராத ஒரு சாளை (தோட்டத்து வீடு), அதற்கு அப்பால் பன்னிரண்டு ஏக்கர் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்). கொறங்காட்டின் நடுவில் உள்ள வெள்வேல மரத்தடியில் நின்றால், அரைக் கிலோமீட்டருக்குள் மின்கம்பி எதுவும் இல்லை. அங்கே ஒரு ரிசீவரை வைத்து, திருப்பூரில் இருந்தபடியே இணையம் வழியாக இயக்க விரும்புகிறேன். ரிசீவர் இருக்கும் இடத்தில் ஆள் இருக்க மாட்டார் என்பதால், வாங்குவதற்கு முன் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது என்று நினைத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. சில வாரங்களாக மாலை ஏழு மணியை ஒட்டி, 145 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில், பேச்சோ தகவலோ எதுவும் இல்லாத வெறும் அலை ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. சில நாட்களில் அதன் அதிர்வெண் மெல்ல மேலே நகர்கிறது. பொள்ளாச்சியிலும் கோபிச்செட்டிபாளையத்திலும் இருக்கும் இரண்டு நண்பர்கள் தங்கள் தோட்டங்களிலும் ரிசீவர் வைக்கத் தயாராக இருக்கிறார்கள். மூன்று இடங்களுக்கும் ஒரே அலை வந்து சேரும் நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டால், அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்கலாம் என்று படித்திருக்கிறேன். எங்கள் முக்கோணம் அதற்குப் போதுமா?

கடைசியாக, அரசுகளும் படைகளும் தொலைவிலிருந்து இயக்கும் கண்காணிப்பு நிலையங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை அறியவும் ஆவல். எனக்கென வராத பேச்சு காதில் விழுந்தால் அது குற்றமா என்ற அச்சமும் கூடவே இருக்கிறது. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1
எழுதியவர்: மஞ்சள்மண்டி ஹாம், ஈரோடு

வணக்கம் தம்பி. பவானிக்கு மேற்கே எங்கள் மாமனார் தோட்டத்தில் இதே போன்ற ஏற்பாட்டை நான்கு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வானொலி இரைச்சலுக்கென்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்டுள்ள பி.372 என்னும் பரிந்துரை, மனிதர்கள் உண்டாக்கும் இரைச்சலை நகரம், குடியிருப்பு, நாட்டுப்புறம், அமைதியான நாட்டுப்புறம் என்று தரம் பிரிக்கிறது. அதில் உள்ள வாய்பாட்டில் 7 மெகாஹெர்ட்ஸைப் போட்டுப் பார்த்தால், நகரத்துக்கும் அமைதியான நாட்டுப்புறத்துக்கும் இடையே சுமார் 24 டெசிபல் வித்தியாசம் வருகிறது. அதாவது திருப்பூரில் உங்கள் அன்டெனாவில் விழும் இரைச்சலின் திறன், கொறங்காட்டில் விழுவதைப்போல் ஏறத்தாழ 250 மடங்கு. எவ்வளவு விலை உயர்ந்த ரிசீவரை வாங்கினாலும், வீட்டில் இருந்துகொண்டு இந்த வித்தியாசத்தைச் சமாளிக்க முடியாது. இரண்டு மணி நேரம் பேருந்தில் போய் வரத் தயாராக இருப்பவருக்கு அது இலவசமாகவே கிடைக்கிறது.

ஆனால் ஒரே பெட்டியில் உங்கள் இரண்டு ஆசைகளும் நிறைவேறாது. தொலைவிலிருந்து இயக்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கிவி எஸ்.டி.ஆர். (எஸ்.டி.ஆர். என்றால் மென்பொருளால் இயங்கும் வானொலி) 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேட்கும். 145 அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. டி.வி. பார்ப்பதற்காகச் செய்யப்பட்டு, 2012-இல் வேறு பயன்பாட்டுக்குத் திருப்பப்பட்ட ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். என்னும் சிறிய யு.எஸ்.பி. துண்டு, பரவலாகக் கிடைக்கும் ஆர்820டி டியூனருடன், 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். முதலாவது சிற்றலைக்கு, இரண்டாவது உங்கள் மர்ம அலைக்கு.

அடுத்து, எதைக் கம்பியில் அனுப்புவது என்பதில்தான் புதியவர்கள் இடறுகிறார்கள். ஆர்.டி.எல். துண்டு நொடிக்கு 24 லட்சம் மாதிரிகள் எடுக்கிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு பைட். அதை அப்படியே வீட்டுக்கு அனுப்ப நினைத்தால் நொடிக்கு 38.4 மெகாபிட் பதிவேற்ற வேகம் இடைவிடாமல் வேண்டும். காங்கயம் பக்கத்துத் தோட்டத்தில் கைபேசி சிம்மை நம்பி இருப்பவருக்கு அது நடக்கிற காரியமல்ல. கிவியோ நொடிக்கு 6 கோடியே 66 லட்சம் முறை, முறைக்கு 14 பிட் என்று எடுக்கிறது. அதன் மூலத் தரவு நொடிக்கு 900 மெகாபிட்டைத் தாண்டும். எனவே அலையைப் பிரிப்பது, வடிகட்டுவது, குரலாக மாற்றுவது எல்லாம் அன்டெனாவின் காலடியிலேயே நடந்துவிட வேண்டும். அப்படிச் செய்தால், சுருக்கிய குரலுக்கு ஐம்பது கிலோபிட் அளவும், எந்த அதிர்வெண்ணில் அலை இருக்கிறது என்பதைக் காட்டியபடி திரையில் வழியும் அருவிப் படத்துக்கு அதைப்போல் இன்னொரு சிறு பங்கும் போதும். நான் சாதாரண 4ஜி ரூட்டரில்தான் ஓட்டுகிறேன். கைபேசி இணைப்புக்கு வெளியிலிருந்து அழைக்கக்கூடிய தனி முகவரி பெரும்பாலும் கிடைக்காது. ஆகையால் தோட்டத்துக் கணினியே வெளியே வந்து உங்கள் வீட்டுச் சர்வருடன் வயர்கார்டு போன்ற மென்பொருளால் ஒரு பாதுகாப்பான இணையச் சுரங்கத்தை அமைத்துக்கொள்ளும்படி செய்துவிடுங்கள்.

மின்சாரத்துக்கு மோட்டார் ரூமின் இலவச விவசாய இணைப்பைத் தொட வேண்டாம். அது சட்டப்படியும் தவறு. முறை வைத்து வரும் மும்முனை மின்சாரத்தை நம்பி ரிசீவரை ஓட்டவும் முடியாது. ஒரு சோலார் பலகையும் பேட்டரியும் போதும். ஆனால் சந்தையில் கிடைக்கும் மலிவான சோலார் சார்ஜர், நீங்கள் திருப்பூரை விட்டு எதற்காக ஓடி வந்தீர்களோ அதே இரைச்சலைக் கொறங்காட்டுக்கும் கொண்டு வந்துவிடும். நான் முதல் மூன்று மாதங்கள் அந்தச் சத்தத்தை வானிலிருந்து வருவதாகவே நம்பிக்கொண்டிருந்தேன். மேகமூட்டமான ஒரு நாள் அது தானாகக் குறைந்தபோதுதான் உண்மை விளங்கியது.

கணினி உறைந்து நின்றுவிட்டால் மின்சாரத்தைத் தானே அணைத்து மீண்டும் போடும் ஒரு டைமர் ரிலே கட்டாயம் வேண்டும். அது இல்லாத காலத்தில் ஒரு பட்டனை அமுக்குவதற்காக மட்டும் மூன்று முறை தோட்டத்துக்குப் போய் வந்திருக்கிறேன். கோடை மழைக்கும் ஐப்பசி இடிக்கும் அன்டெனாக் கம்பியைத் துண்டித்து நிலத்தில் சேர்க்கும் ரிலே வைத்துக்கொள்ளுங்கள். அணில் கேபிளைக் கடிக்கும். எறும்பு பெட்டிக்குள் குடியேறும். இவற்றையெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். ஆனால் மயில் அன்டெனாவின் உச்சியில் உட்கார்ந்து அதை வளைக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நேர வித்தியாசக் கணக்கைப் பற்றி எனக்குப் படித்த அறிவு மட்டுமே உண்டு. அதை இந்தக் குழுவில் உள்ள 'பழைய காது' ஐயா போன்றவர்கள் சொல்வதே சரி.

மறுமொழி 2
எழுதியவர்: பழைய காது, கோபிச்செட்டிபாளையம்

அரசின் வானொலிக் கண்காணிப்புப் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். பணியின் உள்விவரங்களை எழுத மாட்டேன். பொதுவில் உள்ளதையும் பௌதிகத்தையும் மட்டும் எழுதுகிறேன்.

கண்காணிப்பு, இடைமறிப்பு என்ற இரண்டு சொற்களையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஓர் அலை எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது, எவ்வளவு அகலம், எவ்வளவு வலிமை, ஒரு நாளில் எத்தனை நேரம் ஒலிக்கிறது, எங்கிருந்து வருகிறது, அதற்கு உரிமம் உண்டா என்று அளப்பது கண்காணிப்பு. அந்த அலை சுமந்து வரும் செய்தியை எடுத்துப் படிப்பது இடைமறிப்பு. அன்டெனாவும் ரிசீவரும் இரண்டுக்கும் ஒன்றுதான். வேறுபடுவது யார் எந்த ஆணையின் கீழ் எந்தப் பொத்தானை அழுத்துகிறார் என்பது மட்டுமே. நம் நாட்டில் முதல் வேலைக்கு, அலைவரிசைகளை ஒதுக்கும் பிரிவு 1952-இல் தொடங்கப்பட்டது. அதன் கண்களும் காதுகளுமாக வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பு நாடெங்கும் நிலையங்களை வைத்திருக்கிறது. செயற்கைக்கோள் அலைகளைக் கவனிக்க மகாராஷ்டிராவின் ஜால்னாவில் தனி நிலையம் உண்டு.

தொலைவிலிருந்து கேட்பது என்ற எண்ணம் இணையத்துக்கு முந்தையது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் 1939-இல் தொடங்கிய வானொலிப் பாதுகாப்புப் பிரிவு, உங்களைப் போன்ற அமெச்சூர்கள் சுமார் 1,500 பேரை அவரவர் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்கச் சொன்னது. அவர்கள் காதில் விழுந்த மோர்ஸ் எழுத்துகளைத் தாளில் எழுதி, பார்னெட் என்ற ஊரின் ஓர் அஞ்சல்பெட்டி எண்ணுக்கு அனுப்பினார்கள். ஜெர்மானிய உளவுத்துறையின் சங்கேதங்களை, பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் உடைப்பதற்கு அந்தத் தாள்கள் மூலப்பொருளாக இருந்தன. அந்த ஏற்பாட்டில் காதுகள் பரவி இருந்தன, மூளை ஓரிடத்தில் இருந்தது. இன்றைய அமைப்பும் அதுவேதான், அஞ்சல்காரரின் இடத்தில் ஒளியிழைக் கேபிள் வந்திருக்கிறது என்பதைத் தவிர.

கனடா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வட துருவத்திலிருந்து ஏறத்தாழ 817 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அலர்ட் நிலையத்தையும், மேற்குக் கரைக்கு அப்பால் தீவில் உள்ள மாசெட் நிலையத்தையும் 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஒட்டாவாவுக்கு அருகே லீட்ரிமில் உட்கார்ந்தபடி இயக்குகிறார்கள். மாசெட்டில் வட்டமாக நட்ட கம்பங்களால் ஆன பெரிய அன்டெனா இருக்கிறது. 'யானைக் கூண்டு' என்பது அந்த வகை அன்டெனாவின் பட்டப்பெயர். எந்தத் திசையிலிருந்து சிற்றலை வந்தாலும் அதன் திசையைச் சொல்லிவிடும். படை சாராத துறையிலும் இதே கதைதான்: அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், ஆள் வைத்து நடத்திய கண்காணிப்பு நிலையங்களை 1990-களின் நடுவில் மூடிவிட்டு, மேரிலாந்து மாநிலத்தின் கொலம்பியாவிலிருந்து எல்லாவற்றையும் இயக்கும் முறைக்கு மாறியது.

இனி உங்கள் முக்கோணம். வரைபடத்தில் அளந்து பார்த்தேன். பொள்ளாச்சிக்கும் கோபிக்கும் நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர். உங்கள் தோட்டத்திலிருந்து பொள்ளாச்சி 75, கோபி 57. திருப்பூர் இந்த முக்கோணத்துக்குள் விழுகிறது, கோயம்புத்தூர் வெளியே போய்விடுகிறது. தாளில் பார்த்தால் அருமையான அமைப்பு. ஆனால் 145 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ நேர்கோட்டில்தான் போகும். பத்து மீட்டர் உயரக் கம்பத்தில் உள்ள அன்டெனாவுக்கு, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கையடக்கக் கருவி தெரிவது சுமார் 18 கிலோமீட்டர் வரைதான். திருப்பூரிலிருந்து உங்கள் மூன்று காதுகளில் மிக அருகில் இருப்பதே 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எனவே மூன்றில் ஒன்றுக்குக்கூட அந்த அலை கேட்காமல் போகலாம். கேட்காத அலைக்கு நேரக் கணக்கு போட முடியாது. சுற்று நிலத்திலிருந்து 200 மீட்டர் உயர்ந்த ஒரு குன்றின் மேல் அதே அன்டெனாவை வைத்தால் தூரம் 60 கிலோமீட்டரைத் தாண்டும். கண்காணிப்பு நிலையங்களும், அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர்களும் மலைகளைத் தேடிப் போவது இதனால்தான்.

சரி, மூன்றுக்கும் கேட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மின்காந்த அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் போகிறது. ஆகவே ஜி.பி.எஸ். கடிகாரத்தைக் கொண்டு மூன்று பதிவுகளையும் நேரம் பொருத்தி, ஒன்றின் மேல் ஒன்றை நகர்த்தி, எங்கே பொருந்துகின்றன என்று பார்க்கிறோம். எவ்வளவு கூர்மையாகப் பொருந்தும் என்பது அலையின் அகலத்தைப் பொறுத்தது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள கைபேசிக் கோபுரத்தின் அலையில் பொருத்தத்தின் முனை 15 மீட்டர் அளவுக்குக் கூர்மையாக இருக்கும். 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள பண்பலை ஒலிபரப்பில் அது ஒன்றரைக் கிலோமீட்டர். 12.5 கிலோஹெர்ட்ஸ் வாக்கி-டாக்கியில் 24 கிலோமீட்டர். அலை வலுவாக இருந்தால் கணக்கால் அதைப் பல மடங்கு சுருக்கலாம், ஆனாலும் ஓர் ஊரைத்தான் காட்டும், ஒரு வீட்டைக் காட்டாது. உங்கள் அலையிலோ பேச்சும் இல்லை, தகவலும் இல்லை. மாற்றமே இல்லாத வெறும் அலையில் நேரத்தைப் பொருத்துவதற்குப் பிடிமானமே கிடையாது. நகலை எங்கே நகர்த்தினாலும் பொருந்தியது போலவே தெரியும். நீங்கள் தேர்ந்தெடுத்த முறை, நீங்கள் தேடும் அலைக்கு மட்டும் உதவாத முறை.

சிற்றலையில் நிலைமை வேறு. அங்கே மூன்று காதுகளுக்கும் உலகமே கேட்கும். ஆனால் 100 கிலோமீட்டர் முக்கோணத்தை வைத்துக்கொண்டு 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நிலையத்தைத் தேடினால், நேர வித்தியாசங்கள் வரைபடத்தில் தரும் கோடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே திசையில் ஓடும். அதற்கு உங்கள் கிவியை நாடு நாடாகப் பரவியிருக்கும் மற்றக் கிவிகளோடு சேர்க்க வேண்டும். அந்தக் கருவியிலேயே ஜி.பி.எஸ். இருப்பதால் அது முடியும். அப்போதும் சிற்றலையைப் பூமிக்குத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தின் உயரம் மாறிக்கொண்டே இருப்பதால் பல பத்துக் கிலோமீட்டர் பிழை வருவது இயல்பு.

வெறும் அலைக்குத் திசை காண்பதுதான் வழி. ஐந்து அன்டெனாக்களை வட்டமாக நட்டு, ஐந்து ரிசீவர்களை ஒரே கடிகாரத்தில் ஓட்டும் கிராக்கன் எஸ்.டி.ஆர். போன்ற கருவி, அலை ஒவ்வொரு அன்டெனாவுக்கும் எந்தக் கட்டத்தில் (ஃபேஸ்) வந்து சேர்கிறது என்று ஒப்பிட்டுத் திசையைச் சொல்லும். இரண்டு டிகிரி பிழை இருந்தால் 30 கிலோமீட்டர் தொலைவில் ஒரு கிலோமீட்டர் தவறும். நம் ஊரில் மேற்கே வெள்ளியங்கிரியும் தெற்கே ஆனைமலையும் சுவர் போல் நிற்பதால், மலையில் பட்டுத் திரும்பிய அலையை நேரில் வந்த அலை என்று எண்ணி ஏமாறும் வாய்ப்பும் உண்டு. எந்த நாட்டிலும் நிலையான கருவிகள் பேட்டையைத்தான் காட்டும். கடைசி ஒரு கிலோமீட்டருக்கு வண்டியும், அதற்குப் பிறகு கையில் பிடித்த அன்டெனாவும்தான்.

ஆனால் தம்பி, அலை மெல்ல மேலே நகர்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கடிதத்திலேயே மிகப் பயனுள்ள வரி. முறையான டிரான்ஸ்மிட்டர் எதுவும் அதிர்வெண்ணை நிலையாகப் பிடித்து வைக்கும் கிரிஸ்டல் கட்டுப்பாடு இல்லாமல் இருக்காது, அது நகராது. சூடேறச் சூடேற நகர்வது, தான் டிரான்ஸ்மிட்டர் என்பதையே அறியாத ஏதோ ஒரு பொருள். ஒருமுறை இப்படி ஓர் அலையை ஒன்பது நாள் துரத்தினோம். பூட்டிய ஒரு வீட்டின் மாடியில், யாரும் அணைக்காமல் விட்டுப்போன பழைய டி.வி. பூஸ்டர் தானாகவே அலையை உண்டாக்கி அனுப்பத் தொடங்கியிருந்தது. முதலில் உங்கள் வீட்டு மெயினை அணைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் கைக்கருவியில் அந்த அலை இருக்கிறதா என்று பாருங்கள். வந்த புகார்களில் கணிசமானவை புகார் கொடுத்தவர் வீட்டிலேயே முடிந்திருக்கின்றன.

மறுமொழி 3
எழுதியவர்: நொய்யல் வழக்குரைஞர், கோயம்புத்தூர்

சட்டப் பகுதிக்கு மட்டும் விடை எழுதுகிறேன். இது பொதுவான விளக்கம். உங்கள் வழக்குக்கான ஆலோசனை அல்ல.

பொதுமக்களுக்கென ஒலிபரப்பாகாத செய்திகளை அனுமதியின்றி இடைமறிப்பதையும், அவற்றை வெளியிடுவதையும் தடை செய்ய உறுப்பு நாடுகள் கடமைப்பட்டவை என்று சர்வதேச வானொலி ஒழுங்குமுறைகளின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. நம் நாட்டில் 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் நெடுங்காலம் அந்த இடத்தை நிரப்பியது. அதன் 5(2) பிரிவின்படி அரசு இடைமறிக்க வேண்டுமானால் பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ காரணமாக இருக்க வேண்டும். அதற்கு முறையான நடைமுறை எதுவும் இல்லை என்ற குறையை உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த வழக்கில் சுட்டிக்காட்டி, உள்துறைச் செயலர் நிலையில் உள்ளவரே ஆணையிட வேண்டும், அதை ஒரு குழு மறுஆய்வு செய்ய வேண்டும் என்று வகுத்தது. அந்த வழிமுறை 2007-இல் 419அ என்ற விதியாகச் சேர்க்கப்பட்டது. ஓர் ஆணை 60 நாட்களுக்கு மேல் செல்லாது. நீட்டித்தாலும் மொத்தம் 180 நாட்களைத் தாண்டக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும், அதன் கீழ் 2024 டிசம்பரில் வந்த விதிகளும் இதே சட்டகத்தைத் தொடர்கின்றன.

உங்களைப் போன்ற தனிமனிதரைத் தொடுவது அந்தப் புதிய சட்டத்தின் 42-ஆம் பிரிவு. அது 2024 ஜூன் 26 முதல் நடப்பில் உள்ளது. சட்டவிரோதமாக ஒரு செய்தியை இடைமறிப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வானொலிப் பெட்டி வைத்திருக்கவே அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. காற்றில் வருவதை எல்லாம் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற எண்ணம் நம் சட்டத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஒலிபரப்பு நிலையங்கள், அமெச்சூர் நிலையங்கள், கால சமிக்ஞைகள் ஆகியவற்றைக் கேட்பதில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. காவல்துறை, விமானம், தனியார் வாக்கி-டாக்கி ஆகியவற்றின் பேச்சு உங்களுக்கு உரியதல்ல. பேண்டை உருட்டும்போது தற்செயலாகக் காதில் விழுந்தால் நகர்ந்துவிடுங்கள். பதிவு செய்யாதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்.

தொலைவிலிருந்து இயக்குவதால் ஒரு புதிய சிக்கல் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2022-இன் தொடக்கத்தில் உக்ரைன் போர் மூண்டபோது, ரஷ்யப் படையினர் மறைகுறியாக்கம் இல்லாமல் பேசிய பேச்சுகளை உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் இணையத்தில் திறந்து கிடந்த ரிசீவர்கள் வழியாகக் கேட்டார்கள், பதிவும் செய்தார்கள். கேட்டவர் ஒரு நாட்டில், அன்டெனா இன்னொரு நாட்டில், பேசியவர் மூன்றாவது நாட்டில். உங்கள் தோட்டத்து ரிசீவரைக் கடவுச்சொல் இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவிட்டு, எங்கோ இருப்பவர் அதன் வழியாகக் கேட்கக் கூடாததைக் கேட்டால், விசாரணை அதிகாரி முதலில் வந்து நிற்பது கருவி யாருடையதோ அவர் வாசலில்தான். எனவே உங்களுக்குத் தேவையான பேண்டுகளை மட்டும் திறந்து வையுங்கள். யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவை அழிக்காமல் வைத்திருங்கள்.

மறுமொழி 4
எழுதியவர்: கிளுவைவேலி, திருப்பூர்

அண்ணாவுக்கும், ஐயாவுக்கும், வழக்குரைஞர் அவர்களுக்கும் நன்றி. நேற்று மாலை ஐயா சொன்னபடி வீட்டு மெயினை அணைத்துப் பார்த்தேன். இருட்டில் உட்கார வைத்துவிட்டேன் என்று வீட்டில் கோபம். அலை மட்டும் அசையவில்லை. எனவே குற்றவாளி எங்கள் வீடு இல்லை. பிறகு கைக்கருவியை எடுத்துக்கொண்டு இரு சக்கர வண்டியில் காங்கயம் சாலையில் போனேன். மூன்று கிலோமீட்டர் தாண்டுவதற்குள் அலை மங்கி மறைந்துவிட்டது. ஆக, பொள்ளாச்சி நண்பருக்கும் கோபி நண்பருக்கும் இது கேட்கவே வழியில்லை என்பது உறுதியாகிவிட்டது. அவர்களைக் கருவி வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சிற்றலைக்கான கிவியை மட்டும் வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். இதுவரை மூன்று முறை பேட்டரி ரேடியோவுடன் கொறங்காட்டுக்குப் போய் வந்தேன். அங்கே இருக்கும் அமைதியைச் சொல்லி மாளாது. அண்ணா, அன்டெனாவுக்கும் சாளைக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? மறைகுறியாக்கப்பட்ட செய்தியானால் இடைமறிப்பவருக்கு எதுவுமே தெரியாதா என்பதையும் ஐயா சொன்னால் நன்று.

மறுமொழி 5
எழுதியவர்: மஞ்சள்மண்டி ஹாம், ஈரோடு

கணினியும் சோலார் சார்ஜரும் சாளையில் இருக்கட்டும். அன்டெனாவைக் குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி நடுங்கள். மினி-விப் என்னும் சிறிய அன்டெனாவை வைப்பீர்களானால், அதன் கம்பத்தின் அடியிலேயே தனியாக நிலத்தொடர்பு கொடுத்து, கேபிளின் இரு முனைகளிலும் ஃபெரைட் வளையத்தில் பத்துச் சுற்றுச் சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கேபிளின் வெளித்தோலே அன்டெனாவாகி, சாளையின் இரைச்சலைக் கொறங்காட்டின் நடுவுக்குக் கடத்திக்கொண்டு போகும்.

அமைதியை அளக்கும் முன் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் ஓடும் நேரத்திலும், இரவில் சோலார் மின்வேலி போட்டிருக்கும் நேரத்திலும் ஒருமுறை போய்க் கேளுங்கள். மின்வேலியின் துடிப்பு நொடிக்கு ஒருமுறை 'டக், டக்' என்று விழும். பகலில் போனவருக்கு அது தெரிய வராது.

மறுமொழி 6
எழுதியவர்: பழைய காது, கோபிச்செட்டிபாளையம்

மறைகுறியாக்கம் செய்தியை மூடுகிறது. செய்தி போனது என்ற செயலை மூடுவதில்லை. யார், எப்போது, எவ்வளவு நேரம், எந்த இடத்திலிருந்து, யாருக்குப் பின் யார் பேசினார் என்பதெல்லாம் வெளியிலேயே கிடக்கும். ஒரே இடத்தில் திடீரென்று பேச்சு கூடுவதும், வழக்கமாகப் பேசும் நிலையம் மௌனமாவதும், உள்ளே இருக்கும் ஒரு சொல்லும் தெரியாமலேயே நிறையச் சொல்லிவிடும். மூடியும் எப்போதும் இறுக்கமாக இருப்பதில்லை. பல நாடுகளின் காவல்துறைகள் பயன்படுத்தும் டெட்ரா வானொலி முறையின் சங்கேதங்களில் ஒன்றில், 80 பிட் சாவி உள்ளுக்குள் 32 பிட்டாகச் சுருக்கப்படுகிறது என்பதை 2023-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அவ்வளவு சிறிய சாவியைச் சாதாரணக் கணினியே தேடிக் கண்டுபிடித்துவிடும்.

உங்கள் மர்ம அலை மூன்று கிலோமீட்டருக்குள் மறைவதால் இனி எந்தத் தொலைக் கருவியும் வேண்டாம். எஃகு அளவு நாடாவை வெட்டிச் செய்யும் மூன்று கூறு யாகி அன்டெனா (நீட்டிய திசையில் மட்டும் கூர்மையாகக் கேட்பது) போதும். செய்வதற்கு ஒரு மதியம் ஆகும். அலை மிக வலுவாகி எல்லாத் திசையும் ஒன்று போல் தெரியும் இடத்துக்கு வந்ததும், அன்டெனாவைக் கழற்றிவிட்டு, கைக்கருவியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அலை மிகவும் தளர்ந்து போகும் நிலையில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதுதான் அந்த வீடு.

கதவைத் தட்டியதும் குறுக்கீடு, உரிமம், சட்டம் என்று தொடங்காதீர்கள். 'ஏனுங்க, உங்க வீட்டு டி.வி.யில படம் சரியா வருதுங்களா?' என்று கேளுங்கள். அவர்களே மாடிக்கு அழைத்துப் போய்ப் பூஸ்டரைக் காட்டுவார்கள்.